பக்தியா, மீசையா

ராகலை,
03.12.2023, ஞாயிற்றுக்கிழமை.

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அண்ணிக்கு,

பதினைந்து வயதுப் பையனுக்கு வந்திருப்பது பக்தியா மீசையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேராதனையில் நான்கு வருடம் விலங்கியல் படித்தேன், இருபத்து மூன்று வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், ஆனாலும் இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தனக்குப் பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். அவரால்தான் இந்தக் கடிதம்.

வத்தளையில் நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் மாடிப்படி ஏற இடம் கொடுக்கும் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் சுகம். மூவரில் ஒருவர் பதினேழு நாளாகத் தெய்வமாக இருக்கிறார். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போனை முதலில் எடுப்பது சோலைமலை அண்ணன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அதை அப்படியே குடும்பக் குழுவில் போட்டு, கீழே கும்பிடும் கை இரண்டு வைப்பார். காகிதத்தில் எழுதியதை அவர் வாசிக்க மாட்டார் என்பது எனக்கு நாற்பது வருட அனுபவம்.

முதலில் இருந்து சொல்கிறேன். உங்கள் மருமகன் திலக்ஷனை நீங்கள் கடைசியாகப் பார்த்தது சித்திரைப் புத்தாண்டுக்கு. அப்போது அவன் என் தோள் உயரம், இப்போது நான் அவன் தோள் உயரம். ஜனவரியில் தைத்த நீளக் காற்சட்டை ஆவணியில் கணுக்காலுக்கு மேலே போய்விட்டது. கையும் காலும் அவனிடம் சொல்லாமலே நீண்டுவிட்டதால் கதவுநிலை, மேசை விளிம்பு, தேத்தண்ணிக் கோப்பை என்று எல்லாவற்றிலும் மோதுகிறான், மோதிவிட்டு அந்தப் பொருளைக் கோபமாகப் பார்க்கிறான். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ராகலை முழுக்கத் தன்னையே பார்க்கிறது என்று நினைக்கிறான். ராகலைக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. புத்தியும் சேர்ந்தேதான் வளர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "நம்பிக்கை இல்லைன்னா எதுக்கும்மா வெளக்கு ஏத்துறீங்க?" என்று கேட்டான். வெளிச்சத்துக்கு என்றேன். "அதான் லைட்டு இருக்கே" என்றான். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் இருந்து நான் கொண்டுவந்து வைத்திருந்த, பெரிதாகக் காட்டும் கைவில்லை ஒன்று காணாமல் போய், குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் அகப்பட்டது. பூச்சியின் காலைப் பார்க்க அரசாங்கம் கொடுத்த வில்லையால் இவன் மேலுதட்டைப் பார்த்திருக்கிறான். நானும் ஒரு நாள் அவன் தூங்கும்போது பார்த்தேன், வில்லை இல்லாமல்தான். பதினேழு மயிர். தாயாக அல்ல, விஞ்ஞான ஆசிரியையாக எண்ணினேன்.

இவை எல்லாம் எதிர்பார்த்தவைதான். நான் எதிர்பாராதது நவராத்திரி வாணி விழாவில் நடந்தது. எட்டு வயதில் இருந்து பள்ளிக்கூடத்தில் காலைத் தேவாரம் இவன்தான் பாடுவான், உங்களுக்குத் தெரியும். ஒக்டோபரில் வாணி விழா மேடையில் அம்மனைப் பாடிக்கொண்டு மேலே போனவன், மேலேயே நிற்க முடியாமல், லொறி கியர் மாறுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு கீழே வந்தான். முதல் வரிசையில் இருந்த தரம் ஒன்றுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதைப் பார்த்து தரம் பதினொன்றும் சிரித்தது. அவன் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினான், அதை நான் சொல்லத்தான் வேண்டும். அடுத்த நாளில் இருந்து காலைத் தேவாரத்துக்கு வரவில்லை, சளி, தடிமன் என்றான். ஆறு வாரம் நீடிக்கிற தடிமனை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நான் சும்மா இருக்கவில்லை அண்ணி. அந்த நேரம் பார்த்து சுகாதாரப் பாட ஆசிரியை பிரசவ லீவில் போக, தரம் பத்துக்குக் கட்டிளமைப் பருவம் என்ற அலகை நானே எடுக்க வேண்டி வந்தது. இவனும் அதே வகுப்புத்தானே, வீட்டில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் கூச்சப்படுவான், வகுப்பில் பொதுவாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். ஓமோன்கள், உயரம், பருக்கள் எல்லாம் சொல்லி, குரல்நாண்கள் நீள்வதைச் சொல்லி, "பாடிக்கிட்டு இருக்கும்போதே குரல் உடையிறதும் இதனாலதான், இது நோயில்ல, யாரும் சிரிக்கக் கூடாது" என்றும் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. நான் அந்த நேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் குரல்வளையின் படம் வரைந்துகொண்டிருந்தேன், படம் நன்றாகவே வந்தது. திரும்பிப் பார்த்தால் முப்பத்தெட்டுத் தலைகளும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாடம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து இவன் வீட்டில் பேசுவதைக் குறைத்துவிட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை நான் எண்ணினேன், முழு நாளைக்கும் பதினொரு சொல். அதில் ஆறு "ம்". "ம்" ஒரு சொல்லா என்று தமிழ் ஆசிரியரைக் கேட்டால் எதற்குக் கேட்கிறீர்கள் என்பார், அதனால் சேர்த்தே எண்ணினேன்.

இந்த நிலைமையில் நவம்பர் பதினைந்தாம் தேதி, எங்கள் ஒழுக்காற்றுப் பொறுப்பாசிரியர் சுதாகரன் தரம் பத்துப் பையன்களை வரிசையில் நிறுத்தி மேலுதடுகளைப் பரிசோதித்து, திங்கட்கிழமைக்குள் மழித்துக்கொண்டு வர வேண்டும் என்று கட்டளை போட்டார். பதினேழாம் தேதி கார்த்திகை முதல் நாள். அன்று காலை உங்கள் மருமகன் குளிர்ந்த தண்ணீரில் குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, கழுத்தில் ஐயப்பன் மாலையோடு வாசலில் வந்து நின்றான். மாலை போட்டவர் நாற்பத்தொரு நாளைக்கு மழிக்கக் கூடாது. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் அண்ணி, நான் வேறொன்றும் சொல்லவில்லை.

கோயிலுக்குப் போய், மாலை போட்டுவிட்ட ஆண்டியப்பன் குருசாமியைக் கேட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், குரல் மட்டும் ஜல்லிக்கல் கொட்டுவது போல. பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். "தாய்மாமன் போன்ல சரின்னுட்டாருங்க டீச்சர். மாமன் வாக்கு குடுத்த பொறகு நாங்க என்னங்க கேக்குறது?" என்றார். அண்ணன் பதினெட்டு வருடம் மலைக்குப் போனவர், அவர் சொன்னால் மறு பேச்சில்லையாம். பெற்றது நான், வளர்ப்பது நான், விஞ்ஞானத்துக்கு நாற்பத்து மூன்று புள்ளி போட்டதும் நான். வாக்குக் கொடுப்பது வத்தளையில் இருந்து அவர்.

அதன் பிறகு வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஜெயகாந்தன் முதல் நாளே பழகிவிட்டார். பதினைந்து வருடமாக "டேய்" என்று கூப்பிட்டவர், "சாமி, தண்ணி சுட வச்சுத் தரவா? சாமி, சோத்துக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு ஊத்தவா?" என்கிறார். தபாலகத்தில் ஸ்டாம்ப் கேட்டு வருகிறவர்களிடம் இந்தப் பணிவில் பாதி காட்டினால் இவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை அண்ணி. என் வயிற்றில் இருந்து வந்த பிள்ளையைப் பார்த்துச் சாமி என்று சொல்ல முடியவில்லை, பெயரைச் சொல்லவும் விடுகிறார்கள் இல்லை. அதனால் நான் சுவரைப் பார்த்து, "சாப்பாடு வச்சிருக்கு" என்கிறேன், "குடை எடுத்துட்டுப் போறது நல்லது" என்கிறேன். பதினேழு நாளாக இந்த வீட்டில் நான் அதிகம் பேசியது சுவரோடுதான்.

வகுப்பில் இன்னும் மோசம். வரவு டாப்பு வாசிக்கும்போது "திலக்ஷன்" என்றால் பின்வரிசை வாங்கில் இருந்து, "என்ன டீச்சர், சாமியப் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க?" என்று ஒரு குரல். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால், "சாமி நாலரைக்கே எந்திரிச்சிருச்சு டீச்சர், பாவம்" என்று பெண் பிள்ளைகள் வக்காலத்து வாங்குகிறார்கள். வெள்ளைச் சட்டைக்கு மேல் கறுப்புத் துண்டு, வெறுங்கால், அதிபரே வழிவிடுகிறார். மழித்துக்கொண்டு வா என்ற சுதாகரன் சேர் இருக்கிறாரே, வியாழக்கிழமை நடைபாதையில் இவன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "சாமி, என் டிரான்ஸ்பர் இந்த வருஷமாவது கெடைக்கணும்னு வேண்டிக்குங்க" என்றதை என் கண்ணால் பார்த்தேன். இவனும் திருநீறு பூசிவிட்டான். ஒரு சொல் பேசவில்லை, அதனால் அவருக்கு நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது. ஊரில் மழிக்க வேண்டும் என்று யாராவது நினைத்தாலும் முடியாது, சலூன் சிவசாமியும் மாலை போட்டுக்கொண்டு கடையை அரை நாள்தான் திறக்கிறார். பக்கத்துக் கடை ரம்லாவிடம் புலம்பினேன். அவரது மகன் ஷிஹாமும் இவனும் ஒரே வகுப்பு. "முந்தி உங்கட மகன் வந்தா கடையில ஈக்கிற சென்ட் எல்லாத்தையும் அடிச்சிப் பார்ப்பாரு டீச்சர். இப்ப சூடமும் சாம்பிராணியும் வாங்குறாரு. ரெண்டும் நமக்கு வியாபாரம்தான், நீங்க ஏன் கவலப்படுறீங்க?" என்று கேட்டுவிட்டு, "எங்கட ஷிஹாம் கண்ணாடிய உட்டு நவுர்றதே இல்ல. உங்கடவராவது சாமியப் பார்க்கிறாரு" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா குத்திச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அடுத்த பத்தியை அண்ணனுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். சாமி இருக்கிற வீட்டில் 'அந்த நாட்களில்' நான் சமைக்கக் கூடாதாம். என் வீட்டுக்காரர் வந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த நாள் எதுன்னு முன்கூட்டியே சொன்னீங்கன்னா நான் சமையலப் பாத்துக்குவேன்" என்றார். எனக்கு நாற்பத்தொன்பது வயது அண்ணி. அந்த நாள் எது என்று என் உடம்பு இப்போதெல்லாம் எனக்கே சொல்வதில்லை. இரண்டு மாதம் வராமல் இருந்து மூன்றாம் மாதம் முன்னறிவித்தல் இல்லாமல் வருகிறது. ராகலையில் டிசம்பர்க் குளிரில் ஊரே போர்த்திக்கொண்டு இருக்க, நான் சோறு பிசையும்போது திடீரென்று உள்ளுக்குள் அடுப்புப் பற்றி, எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறேன், எதிரே மேலுக்குத் துண்டு மட்டும் போட்ட சாமி நடுங்குகிறார், மூடச் சொல்லவும் வாய் திறப்பதில்லை. ஒரு வீட்டில் இரண்டு உடம்புகள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஒன்றுக்குப் பாடப்புத்தகத்தில் ஓர் அலகு முழுக்க இருக்கிறது, மற்றதுக்கு ஒரு வரிகூட இல்லை. நடுவில் இவர், கல்யாணமான 2004 இல் இருந்து ஒரு மாற்றமும் இல்லாமல், பருப்பு ஊற்றிக்கொண்டு இருக்கிறார். கடைசியில் சமையலை முழுதாக அவரிடமே விட்டுவிட்டேன். பதினேழு நாளாகப் பருப்பு.

சிரிப்பாக எழுதிவிட்டேன், ஆனால் விஷயம் சிரிப்பல்ல. பதினோராம் தேதி தவணைப் பரீட்சை. நாலரைக்கு எழும்பிப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவன் இரண்டாம் பாடத்தில் தூங்குகிறான். பள்ளி விட்டதும் கோயில் கொட்டகைக்குப் போனால் பஜனை முடிந்துதான் வருகிறான். தன் வயதுப் பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை, எல்லாம் முப்பது, நாற்பது, அறுபது வயது ஆம்பளைகள். அவர்களோடு என்ன பேசுகிறான், அல்லது அங்கேயும் பேசுவதில்லையா, எனக்குத் தெரியாது. மாலைதான் போட்டான் என்றால் போடட்டும். நம்புகிறவர்களை நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. ஆனால் இந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்தான், பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் நான் வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் நின்று சொல்வான், சொல்லிக்கொண்டே பாதி வெங்காயத்தை உரித்தும் கொடுப்பான். அவன் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசி ஐந்து வாரம் ஆகிறது. அதுதான் எனக்கு.

ஆகையால் அண்ணனிடம் நீங்கள் சொல்ல வேண்டியது: புதன்கிழமைக்குள் அவர் போன் பண்ணி, பரீட்சை முக்கியம், இந்த வருடம் போதும், மாலையைக் கழற்று என்று சொல்ல வேண்டும். தாய்மாமன் வாக்கால் ஏறியது தாய்மாமன் வாக்காலேயே இறங்கட்டும். அது முடியாது என்றால், இது பக்தி என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதையாவது எழுத்தில் தரட்டும். இவை நடக்கும்வரை நான் சும்மா இருக்கப் போவதில்லை. நாளை மாலை, பரீட்சை நாட்கள் போட்ட நேரசூசியை எடுத்துக்கொண்டு நானே கோயிலுக்குப் போய், ஆண்டியப்பன் குருசாமி முன்னால் வைத்துப் பேசி, பிள்ளையைக் கையோடு கூட்டிவரப் போகிறேன்.

பெரியவளுக்கும் சின்னவனுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், எண்ணெய் தேய்த்து உருவ விடாதீர்கள். உங்கள் வீட்டில் நல்லதே நடக்க வேண்டும் என்று, யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டாலும், கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்
பேச்சியம்மா

பி.கு. 04.12.2023, திங்கட்கிழமை.

இன்று காலையில் இவர் தபாலகத்துக்குப் போகும்போது கடிதத்தைக் கேட்டார், நானே போடுகிறேன் என்று கைப்பையில் வைத்தேன், பிறகு மறந்துபோனேன். நல்லதாகப் போயிற்று. இன்று நடந்தது இதுதான்.

ஆறு மணிக்குக் குடையும் நேரசூசியுமாகக் கோயிலுக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குள் பஜனை நடந்துகொண்டிருந்தது. வெளியே மூடுபனி, பத்தடி தள்ளி நின்றால் ஆளைத் தெரியாது, அதனால் கொட்டகை ஓரத்திலேயே நின்றேன். உள்ளே முப்பது பேர் இருக்கும். ஒருவர் சரணம் சொல்ல, மற்ற எல்லாரும் சேர்ந்து "சரணம் ஐயப்பா" என்று திருப்பிச் சொல்ல வேண்டும், ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று ஆள் மாறிச் சொல்கிறார்கள். ஆண்டியப்பன் குருசாமி சொன்னார், அது ஜல்லிக்கல். சலூன் சிவசாமி சொன்னார், அவருக்குப் பாதியில் இருமல் வந்தது. அடுத்தவர் லொறி ஓட்டுகிறவர், அவர் குரல் ஏற்கெனவே போய் மூன்று நாள் ஆகியிருக்கும், காற்று மட்டும்தான் வந்தது. யாருக்கும் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. முப்பது பேரும் தகரம் அதிரத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு, "ம், கன்னிச்சாமி சொல்லுங்க" என்று குருசாமியின் குரல்.

அவன் மேலே எடுத்தான். வாணி விழாவில் எடுத்த அதே இடம். அங்கேயே உடைந்தது, அதே மாதிரிக் கீழே விழுந்தது. எனக்குக் கை தானாகக் குடைக்காம்பைப் பிடித்துக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. முப்பது பேர், முன்னை விடப் பெரிதாக, "சரணம் ஐயப்பா" என்றார்கள். அவன் மறுபடி எடுத்தான், மறுபடி உடைந்தது, மறுபடி அவர்கள் சொன்னார்கள். அடுத்த முறை அவன் உடைவதற்குப் பயப்படவில்லை என்று வெளியே நின்ற எனக்கே தெரிந்தது. பதினெட்டு முறை சொன்னான், நான் எண்ணினேன். பதினாறாவது முறைக்கு மேல் அது சின்னப் பிள்ளையின் குரலும் இல்லை, அவன் அப்பாவின் குரலும் இல்லை, இதுவரை நான் கேட்காத ஒருவருடைய குரல்.

நான் உள்ளே போகவில்லை. நேரசூசி கைப்பையிலேயே இருந்தது.

முடிந்து வெளியே வந்தவன் என்னைக் கண்டு நின்றான். நான் வழக்கம்போலக் கொட்டகைச் சுவரைப் பார்த்து, பரீட்சை பதினோராம் தேதி என்றேன். "தெரியும்மா. நீங்க எதுக்கு வெளிய நின்னீங்க? குளிருதுல்ல?" என்றான். எண்ணாமல் இருக்க முயன்றேன். கொஞ்ச தூரம் நடந்தோம், அவன் வெறுங்காலுக்குப் பார்த்து மெதுவாக. கடைத் தெரு வெளிச்சம் தெரிகிற இடத்தில், "இங்க யாரும் சிரிக்க மாட்டாங்கம்மா" என்றான். பிறகு இன்னும் பத்தடி போய், "மாமாகிட்டதான் கேட்டேன், எங்க போனா சத்தமாக் கத்தலாம்னு" என்றான். பிறகு ரம்லாவின் கடை வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "பாடத்துல மட்டும் என்னய உதாரணமாச் சொல்லாதீங்க" என்றான்.

ஆகவே அண்ணி, அண்ணனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். போன் பண்ணவும் வேண்டாம். முதல் கேள்விக்குப் பதில் இன்னும் எனக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரிந்தது என்ன என்று மட்டும் இப்போது தெரியும். மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் முழங்காலைப் பற்றிய வரி அதில்தான் இருக்கிறது.

அவனுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். கடைக்குள் இருந்து ரம்லா பார்த்துக்கொண்டிருந்தார், பஸ்ஸுக்கு நின்ற நாலு பேரும் பார்த்தார்கள். சுவர் எதுவும் பக்கத்தில் இல்லை. அவனைப் பார்த்தேதான் சொன்னேன்.

"சரி, சாமி."